நண்டுக் கப்பலும் உறைபனிக் காலமும்: யப்பானிய இளந்தொழிலாளர் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1

இலக்கியப் படைப்பொன்று தான் தோன்றிய காலத்தைக் கடந்து மீண்டும் பரவலாக வாசிக்கப்படும்போது, அதற்கான காரணத்தைப் படைப்பினுள் மாத்திரம் தேடுதல் போதாது. வாசிப்போரின் வாழ்நிலையிலும் தேடுதல் வேண்டும். யப்பானிய எழுத்தாளர் கொபயாஷி தக்கிஜி 1929ஆம் ஆண்டிலே எழுதிய ‘கனிக்கோசென்’ (நண்டுக் கப்பல்) என்னும் குறுநாவல், எழுபத்தொன்பது ஆண்டுகளின் பின்னர், 2008இல், டோக்கியோப் புத்தகசாலைகளிலே குவித்து வைக்கப்பட்டு இலட்சக்கணக்கில் விற்பனையாகியது. வாங்கியோருள் இருபது, முப்பது வயதினர் கணிசமான தொகையினராவர். அவ்வாண்டு ஜனவரியில் நாளிதழொன்றிலே எழுத்தாளர்களான தக்கஹாஷி கெனிச்சிரோவும் அமமியா கரினும் நிகழ்த்திய உரையாடலில், இன்றைய இளந்தொழிலாளர் நிலை நண்டுக் கப்பலின் நிலையை ஒத்துள்ளது என்னும் கருத்து வெளிப்பட்டமை இவ்வாசிப்புக்கு ஓர் உடனடித் தூண்டுதலாயிற்று. தக்கிஜி கற்ற கல்லூரியின் வழிவந்த ஒட்டாரு வணிகப் பல்கலைக்கழகமும் இளைஞரிடையே அந்நாவல் குறித்த கட்டுரைப் போட்டியொன்றில் பங்குகொண்டிருந்தது.

அன்று யப்பான் உலகின் இரண்டாவது பெரிய பொருளாதாரமாக விளங்கிய நாடு. அத்தகைய நாட்டின் இளைஞர், கம்சட்காவை அண்டிய கடலிலே குளிருக்கும் மேற்பார்வையாளனின் தடிக்கும் ஆளான கூலிகளின் கதையிலே தம் முகத்தைக் கண்டனர். இதனை நூற்சந்தையின் விந்தைகளுள் ஒன்றாகக் கருதி அப்பாற் செல்வோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. இரு காலங்களையும் இணைக்கும் பொருளியல், சட்டவியல் அடிப்படைகள் உள்ளன என்பதும், அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில் தொழிலாளர் பெற்றவற்றின் இயல்பிலேயே பிற்கால இழப்புக்கான வித்தும் இருந்தது என்பதும் எமது கருத்து. அவற்றை விளக்க முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

தக்கிஜி 1903இல் அக்கிட்டா மாகாணத்திலே வறிய விவசாயக் குடும்பமொன்றிற் பிறந்தவர். அவர் சிறுவராயிருந்தபோதே குடும்பம் ஹொக்காய்டோத் தீவின் துறைமுக நகரான ஒட்டாருவுக்குக் குடிபெயர்ந்தது. அங்கு உயர் வணிகக் கல்லூரியிலே கற்றுத் தேறி, 1924இல் ஹொக்காய்டோ தக்குஷொக்கு வங்கியில் எழுதுவினைஞராகச் சேர்ந்தார். 1900ஆம் ஆண்டிலே ஹொக்காய்டோவின் குடியேற்றத்துக்கும் விவசாய விருத்திக்கும் முதலீடு வழங்குவதற்கென நிறுவப்பட்ட வங்கி அது. நிலவுடைமையாளர், வங்கி, கைத்தொழில் மூலதனம் ஆகியவற்றிடையேயுள்ள உறவை அவர் நூல்களில் மாத்திரம் கற்றவரல்லர். நாள்தோறும் கணக்கேடுகளிலே கண்டவர்.

1926இல் ‘ஹகுஐ மாரு’ என்னும் நண்டுக் கப்பலிலே தொழிலாளர் கொடுமைப்படுத்தப்பட்ட செய்தி வெளியாகியது. தக்கிஜி அதனையும் அதுபோன்ற பிற செய்திகளையும் திரட்டி ஆராய்ந்து தமது நாவலை எழுதினார். நண்டைப் பிடித்தவுடன் கப்பலிலேயே தகரத்தில் அடைக்கும் மிதக்கும் ஆலையே நாவலின் களம். வடபகுதிக் கிராமங்களிலே நிலமிழந்த விவசாயிகள், சுரங்கங்களிலிருந்து வந்தோர், செலவுக்கு வழியற்ற மாணவர் முதலியோர் அதிலே வேலைக்கு அமர்த்தப்படுகின்றனர். இந்நாவல் சுட்டிக்காட்டும் ஒரு செய்தி எமது நோக்கிற்கு மிக முக்கியமானது. நண்டுக் கப்பல் ஆலையாகக் கருதப்பட்டமையால் கப்பற் போக்குவரத்துச் சட்டம் அதற்குப் பொருந்தவில்லை. அது கடலிலே மிதந்தமையால் 1916இல் நடைமுறைக்கு வந்த ஆலைச் சட்டமும் பொருந்தவில்லை. இரு சட்டங்களுக்கும் இடைப்பட்ட வெளியிலே அக்கப்பல் மிதந்தது. சட்டமில்லாமையன்று, சட்டங்களுக்கிடையேயுள்ள இடைவெளியே இலாபத்தின் ஊற்றாயிற்று. இவ்விடைவெளியை நாம் பின்னரும் சந்திக்கவுள்ளோம்.

நாவல் ‘செங்கி’ என்னும் இடதுசாரிச் சஞ்சிகையில் 1929 மே, ஜூன் இதழ்களில் வெளியாகி, விரைவிலேயே அரசின் தடைக்குள்ளாயிற்று. அவ்வாண்டு நவம்பரிலே, குத்தகை விவசாயிகளின் போராட்டத்தைப் பற்றிய பிறிதொரு படைப்பின் விளைவாக, வங்கி தக்கிஜியை வேலைநீக்கம் செய்தது. 1933 பெப்ரவரி 20ஆந் திகதி விசேட பொலிசாராற் கைதுசெய்யப்பட்ட அவர், சித்திரவதைக்குட்பட்டு அன்றே மாண்டார். அப்போது அவருக்கு வயது இருபத்தொன்பது.

நண்டுக் கப்பல் வெளியான அதே 1929இலே ஓஸு யசுஜிரோ நெறிப்படுத்திய மௌனப்படமொன்றும் வெளியாகியது. பட்டம் பெற்றும் வேலை கிடைக்காத இளைஞனைப் பற்றியது அப்படம். ‘பட்டம் பெற்றேன், ஆயினும்...’ என்று பொருள்படும் அதன் தலைப்பு அக்காலத்தின் வழக்குத் தொடராகவே ஆகிவிட்டது. கப்பலிற் கூலியும் நகரத்திற் பட்டதாரியும் ஒரே நெருக்கடியின் இரு முகங்களாயினர். அந்நெருக்கடி எங்கே இட்டுச் சென்றது என்பதை வரலாறு அறியும். பஞ்சத்தில் வாடிய தொஹொக்கு கிராமங்களின் அவலத்தைத் தம் கிளர்ச்சிக்கு நியாயமாகக் காட்டிய இளம் படையதிகாரிகள் 1936 பெப்ரவரியிலே தலைநகரின் ஒரு பகுதியைக் கைப்பற்றினர். இடதுசாரி இயக்கம் நசுக்கப்பட்ட வெற்றிடத்திலே வறியோரின் கோபத்தை இராணுவவாதமே சுவீகரித்துக்கொண்டது.

3

இரண்டாம் உலக மகாயுத்தத்தின் தோல்விக்குப் பின்னர் யப்பானியத் தொழிலாளர் பெற்ற உரிமைகள் குறைத்து மதிப்பிடத்தக்கன அல்ல. 1947இலே தொழில் நியமச் சட்டம் இயற்றப்பட்டது. அவ்வாண்டே இயற்றப்பட்ட தொழிற்பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் ஆட்களைப் பிறரிடம் வேலைக்கு அனுப்பி இடைத்தரகு பெறும் முறையைத் தடைசெய்தது. யுத்தத்துக்கு முன்னர் சுரங்கங்களிலும் துறைமுகங்களிலும் கட்டடத் தொழிலிலும் கங்காணித்தனம் செய்து கூலியை உறிஞ்சிய தரகர்களை ஒழிப்பதே அத்தடையின் நோக்கமாகும். நண்டுக் கப்பலின் உலகுக்கு விடைகொடுத்த சட்டம் அது எனலாம். தொழிற்சங்கங்களும் பெருகின, 1949இல் ஊழியரில் அரைவாசிக்கும் மேற்பட்டோர் அவற்றில் அங்கத்தவராயிருந்தனர்.

ஆயினும் அச்சங்கங்களின் அமைப்பு கவனிக்கற்பாலது. அவை பெரும்பாலும் தொழில் வாரியாகவன்றி நிறுவனம் வாரியாக அமைந்தன. 1960இலே மித்சுயி மியிக்கே நிலக்கரிச் சுரங்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை நீக்குவதற்கெதிராக நிகழ்ந்த நெடிய வேலைநிறுத்தம் தோல்வியடைந்ததோடு, நிறுவனத்துடன் ஒத்துழைக்கும் தொழிற்சங்கப் போக்கு தனியார் துறையிலே மேலோங்கியது. அவ்வாண்டின் இறுதியில் இக்கெடா ஹயாட்டோவின் அரசு பத்தாண்டுகளில் நாட்டின் வருமானத்தை இரட்டிப்பாக்கும் திட்டத்தை அறிவித்தது. போராட்டத்தின் இடத்தை வளர்ச்சி பெற்றது.

அவ்வளர்ச்சிக் காலத்தின் இளந்தொழிலாளரை நினைவூட்டும் காட்சி ஒன்றுண்டு. 1950களின் நடுப்பகுதி தொடக்கம் 1970களின் நடுப்பகுதிவரை, வசந்த காலந்தோறும், கீழ்நிலை இடைநிலைப் பள்ளியை முடித்த பதினைந்து வயதுச் சிறுவர் சிறுமியர் வடகிழக்குக் கிராமங்களிலிருந்து விசேட புகையிரதங்களில் டோக்கியோவின் உவேனோ நிலையத்தை வந்தடைந்தனர். ஆலை முதலாளிகளும் கடைக்காரர்களும் அவர்களைப் ‘பொன் முட்டைகள்’ என்றனர். அவர்களுட் பலரின் வேலை கடினமானது, கூலியோ குறைந்தது. ஆயினும் வருடந்தோறும் கூலி உயரும், ஒருநாள் வீடும் குடும்பமும் அமையும் என்னும் எதிர்பார்ப்பு அவர்களிடம் இருந்தது. அவ்வெதிர்பார்ப்பை நாட்டின் அனுபவமும் பொய்ப்பிக்கவில்லை.

வாழ்நாள் வேலை, சேவைக்கால அடிப்படையிலான சம்பள உயர்வு, நிறுவனச் சங்கம் ஆகிய மூன்றும் யப்பானிய முறையின் தூண்களாகப் போற்றப்பட்டன. எனினும் இம்மூன்றும் முழுமையாக உரித்தானவை பெருநிறுவனங்களின் நிரந்தர ஆண் ஊழியருக்கே. பெண்கள் மணமானதும் விலகி, பிற்காலத்திலே பகுதிநேர வேலைக்கு மீள்வர் என எதிர்பார்க்கப்பட்டது. உபஒப்பந்தச் சிற்றாலைத் தொழிலாளரும் பருவகாலத் தொழிலாளரும் இவ்வரணுக்கு வெளியிலேயே நின்றனர். பத்திரிகையாளர் கமட்டா சத்தோஷி பெரும் மோட்டார் வாகன ஆலையொன்றிலே பருவகாலத் தொழிலாளியாகச் சேர்ந்து தாம் கண்டவற்றை 1973இல் நூலாக வெளியிட்டபோது, அதன் தலைப்பிலேயே அவ்வாலையை நம்பிக்கையிழப்பின் ஆலை என்றார். எனவே, பின்னர் இளைஞர் மீது இறங்கிய நிலை முற்றிலும் புதியதன்று. முன்னர் விளிம்பிலே இருந்தது நடுவுக்கு வந்தது என்பதே பொருந்தும்.

4

1985ஆம் ஆண்டு இரு வகையில் திருப்புமுனையாகும். அவ்வாண்டு செப்ரெம்பரில் நியூயோர்க்கின் பிளாசா விடுதியிலே செய்யப்பட்ட உடன்படிக்கையின் விளைவாக யென்னின் பெறுமதி உயர, அதனை ஈடுசெய்ய வட்டிவீதம் குறைக்கப்பட்டது. இலகுவாகக் கிடைத்த கடன் நிலத்திலும் பங்குகளிலும் பாய்ந்தது. 1989 டிசெம்பர் 29ஆந் திகதி டோக்கியோப் பங்குச் சுட்டெண் 38,915ஐத் தொட்டு, பின்னர் சரிந்தது. இது பலரும் அறிந்தது. அதே 1985இலே தொழிலாளரை அனுப்பும் தொழில் பற்றிய சட்டம் நிறைவேறியமையோ அக்காலத்திற் பெரிதும் கவனிக்கப்படவில்லை. 1947இன் தடையிலே ஏற்பட்ட முதல் விரிசல் அது. தொடக்கத்திற் சிறப்புத் திறன் வேண்டும் சில தொழில்களுக்கு மாத்திரம் அனுமதி வழங்கப்பட்டது. 1999இலே சிலவற்றைத் தவிர ஏனைய யாவற்றுக்கும் அது விரிந்தது. 2004 மார்ச்சிலே ஆலை உற்பத்திக்கும் திறந்துவிடப்பட்டது.

இவ்விரு போக்குகளும் இணைந்த புள்ளியிலேதான் ‘உறைபனிக் காலம்’ எனப்படும் வேலையின்மைக் காலம் தோன்றியது. ஏறத்தாழ 1993 முதல் 2004 வரை கல்வியை முடித்து வெளியேறியோர் உறைபனிக் காலத் தலைமுறையினர் எனப்படுகின்றனர். அவர்களின் துன்பம் பொதுவான வேலையின்மையினின்றும் வேறுபடுவதற்கு யப்பானிய ஆட்சேர்ப்பு முறையே காரணம். அங்கு பெருநிறுவனங்கள் கற்றுக்கொண்டிருக்கும் மாணவரையே தெரிந்து, ஏப்ரில் முதலாந் திகதி ஒருங்கே சேர்த்துக்கொள்வது வழக்கம். அவ்வாயில் ஒருவருக்கு வாழ்வில் ஒரு முறையே திறக்கும். அவ்வாண்டில் நுழையத் தவறியவர் அடுத்த ஆண்டு ‘புதிய பட்டதாரி’ அல்லர். நிரந்தர ஊழியரை நீக்குவதை நீதிமன்றங்கள் 1970களிலிருந்து கடுமையாகக் கட்டுப்படுத்தியிருந்தமையால், செலவைக் குறைக்க விரும்பிய நிறுவனங்கள் உள்ளிருந்தோரை நீக்குவதினும் வாயிலை அடைப்பதையே எளிதெனக் கண்டன. சங்கங்களும் தம் அங்கத்தவரின் வேலையைக் காப்பதற்காக அதற்கு இசைந்தன. தந்தையின் வேலை காக்கப்பட்டது. மகனின் வேலை அதற்கு விலையாயிற்று.

இப்போக்குக்குக் கோட்பாட்டு வடிவம் தந்தது முதலாளிமார் சம்மேளனமான நிக்கெய்ரென் 1995இலே வெளியிட்ட அறிக்கை. அது ஊழியரை மூவகையாகப் பிரித்தது: நீண்டகாலம் பேணப்பட வேண்டிய மையப் பிரிவினர், சிறப்புத் திறனாளர், தேவைக்கேற்பக் கூட்டவும் குறைக்கவுந்தக்க நெகிழ்வுப் பிரிவினர். இரண்டாண்டுகளின் பின், 1997 நவம்பரில், மூன்று நிதிநிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வீழ்ந்தன: சன்யோ பங்குத் தரகு நிறுவனம், ஹொக்காய்டோ தக்குஷொக்கு வங்கி, யமயிச்சி பங்குத் தரகு நிறுவனம். தக்கிஜியை 1929 நவம்பரில் வெளியேற்றிய வங்கி, 1997 நவம்பரில் தானே வீழ்ந்தது. இத்தற்செயல் ஒற்றுமைக்குள் தற்செயலற்ற ஓர் உண்மையுண்டு. வாழ்நாள் வேலை என்னும் வாக்குறுதி, அதனை வழங்கும் நிறுவனத்தின் ஆயுளைவிட நீண்டதாக இருக்க முடியாது.

1991இலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறியோருள் 81.3 சதவீதத்தினர் வேலை பெற்றனர். 2003இல் அவ்வீதம் 55.1 ஆகக் குறைந்தது. 1990இலே ஊழியருள் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கினரே நிரந்தரமற்றோர். 2000களின் நடுப்பகுதியில் அவர்கள் மூன்றிலொரு பங்கினராயினர். 1998இல் நாட்டில் தற்கொலை செய்துகொண்டோர் தொகை முதன்முறையாக 30,000ஐத் தாண்டியது. பதினான்கு ஆண்டுகள் அது அவ்வெல்லைக்குக் கீழே இறங்கவில்லை.

5

அனுப்பப்படும் தொழிலாளியின் சட்டநிலையை நோக்குமிடத்து, நண்டுக் கப்பலின் இடைவெளி மீண்டும் தோன்றுவதைக் காணலாம். அவரை வேலைவாங்கும் ஆலை அவருடைய தொழில்தருநர் அன்று. அவருக்குத் தொழில்தருநரான அனுப்பும் நிறுவனமோ அவரை வேலைவாங்குவதில்லை. ஆலைக்கு அவர் வேண்டாதபோது அவரை நீக்கவேண்டியதில்லை. இரு நிறுவனங்களுக்கிடையிலான ஒப்பந்தத்தை முடித்தாற் போதும். ஆலையின் கணக்கேட்டில் அவர் ஆளணிச் செலவாகவன்றிக் கொள்வனவுச் செலவாக இடம்பெறுவதும் உண்டு. மனிதன் பண்டமாவது என நாம் உருவகமாகக் கூறிவந்தது இங்கு கணக்கியல் உண்மையாகியது.

நாட்கூலிக்கு அனுப்பப்பட்டோர் நிலை இன்னுங் கீழானது. மறுநாள் எங்கே வேலை என்பது மாலையில் கைத்தொலைபேசிக்கு வரும் செய்தியாலேயே தெரியும். இத்துறையின் பெரும் நிறுவனமொன்று ஒவ்வொரு வேலைக்கும் 200 யென்னைத் தெளிவற்ற செலவொன்றின் பெயரால் கூலியிலிருந்து கழித்தது. கழிக்கும் காரணம் மாறலாம். கழிக்கும் கை கங்காணியினுடையதே. ஆலைக்கு அனுப்பப்பட்டோர் பலருக்கு இருப்பிடமும் அனுப்பும் நிறுவனமே தந்த விடுதியாகும். வேலை போனால் கூரையும் போகும். கூரை போனால் முகவரி போகும். முகவரியற்றவருக்கு அடுத்த வேலையும் அரிது. இச்சங்கிலியில் வீழ்ந்தோர், இரவு முழுதும் திறந்திருக்கும் இணையத் தேநீரகங்களின் சாய்வு நாற்காலிகளில் உறங்கினர். 2007 ஆகஸ்டில் தொழில் அமைச்சு வெளியிட்ட ஆய்வு, இவ்வாறு வாழ்வோர் 5,400 பேரளவில் உள்ளனர் என்றும், அவர்களுள் இருபது வயதினரே மிகப் பெரிய பிரிவினர் என்றும் மதிப்பிட்டது.

இந்நிலையிலிருந்த இளைஞர்மீது நாடு சுமத்திய சொல் ‘தன்பொறுப்பு’ என்பதாகும். வேலையற்றமை சோம்பலாலும், நிலையற்ற வேலை விருப்பத்தாலும் நேர்ந்ததென விளக்கப்பட்டது. நிரந்தர வேலையின்றி உழைப்போரைக் குறிக்கும் ‘ஃபிரீட்டர்’ என்ற சொல் 1987இலே, கட்டற்ற வாழ்வைத் தேர்ந்தோர் என்னும் கவர்ச்சியான பொருளிலேயே பரவியது. பத்தாண்டுகளில் அது பழிச்சொல்லாயிற்று. பொருளாதார அமைப்பின் தோல்வி தனிமனிதனின் குணக்குறையாக மொழிபெயர்க்கப்பட்டதே இக்கருத்தியலின் சாதனையாகும். சமூகவியலாளர் யமடா மசஹிரோ 2004இலே, வருமானத்தில் மாத்திரமன்றி நம்பிக்கையிலும் ஏற்றத்தாழ்வு தோன்றிவிட்டது என வாதித்தார். டோக்கியோப் பல்கலைக்கழகத்தின் சமூக விஞ்ஞான நிறுவனம் 2005இல் ‘நம்பிக்கையியல்’ என்ற பெயரில் ஆய்வுத்திட்டமொன்றைத் தொடங்கியது. நம்பிக்கை இயல்பாகவே இருந்த காலத்தில் எவரும் அதனை ஆய்வுத்துறையாக்கவில்லை என்பது மனங்கொள்ளத்தக்கது.

6

முற்போக்காளர் மிகுந்த கவனத்துடன் வாசிக்க வேண்டிய ஆவணமொன்று இக்காலத்திலே தோன்றியது. 2007 ஜனவரி ‘ரொன்ஸா’ இதழில் அக்காகி தொமொஹிரோ என்பவர் எழுதிய கட்டுரை அது. தம்மை முப்பத்தொரு வயது ஃபிரீட்டர் என அறிமுகப்படுத்திக்கொண்ட அவர், யுத்தமே தமது நம்பிக்கை என்பதைத் தலைப்பிலேயே கூறினார். சமாதானம் என்பது இருப்போரின் உடைமையைக் காக்கும் ஏற்பாடு. தம்மைப் போன்றோருக்கு அது முடிவற்ற தாழ்வு. யுத்தம் வந்தாலாவது மேலோர் கீழோர் நிலை மாறக்கூடும் என்பது அவர் வாதம். யுத்தகாலத்தில் சாதாரணச் சிப்பாயாகச் சேர்க்கப்பட்ட பேரறிஞர் மருயமா மசாவோ, தம்மினும் கல்வி குறைந்த சிப்பாயிடம் அடிபட்ட நிகழ்வை அவர் எடுத்துக்காட்டாக்கினார். இடதுசாரி அறிஞர் பலர் அச்சஞ்சிகையிலேயே அவருக்கு மறுப்பு எழுதினர். யுத்தத்தில் முதலில் மடிவோர் வறியோரே என்றனர். அவர்கள் கூற்று உண்மை. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு அது விடையாகவில்லை.

அவர் கேள்வி இதுவே: சமாதானத்தையும் சமத்துவத்தையும் பேசிய சங்கங்களும் கட்சிகளும், எம்மை வாயிலுக்கு வெளியே நிறுத்தியபோது எங்கே இருந்தன? இதற்கு நேர்மையான விடை கூறுதல் கடினம். 1949இல் அரைவாசிக்கு மேலிருந்த சங்க அங்கத்துவம் 2008இல் 18 சதவீதமளவிலேயே நின்றது. எஞ்சிய சங்கங்கள் நிரந்தர ஊழியரின் சங்கங்களாயிருந்தன. தம்மைப் பிரதிநிதித்துவப்படுத்த எவருமற்ற வர்க்கம் தன் எதிரியைத் தவறாக இனங்காணுதல் வரலாற்றிலே புதியதன்று. 1930களிலே நிகழ்ந்ததை நினைவிற்கொள்வோர் அக்காகியின் கூற்றை வெறும் பிதற்றலென ஒதுக்கமாட்டார்.

நண்டுக் கப்பல் மீண்டும் வாசிக்கப்பட்டதன் பொருளையும் இப்பின்னணியிலேயே நோக்குதல் வேண்டும். பலர் அதில் தம் துன்பத்தைக் கண்டனர். ஆனால் நாவலிலுள்ள கூலிகளிடம் இருந்த ஒன்று அவர்களிடம் இருக்கவில்லை: ஒரே தளத்திலே, ஒருவரையொருவர் பெயர்சொல்லி அழைத்து, ஒரே மேற்பார்வையாளனை எதிர்கொள்ளும் நிலை. நாளொரு ஆலையும் பொழுதொரு களஞ்சியமுமாக அலைபவர் பக்கத்திலே நிற்பவரின் பெயரையும் அறியார்.

அவ்வாண்டின் இறுதியில் அந்நிலை சில நாட்களுக்கேனும் மாறியது. உலக நிதிநெருக்கடியைத் தொடர்ந்து ஏற்றுமதி ஆலைகள் அனுப்பப்பட்ட தொழிலாளரை விலக்கின. 2008 ஒக்டோபருக்கும் 2009 மார்ச்சுக்குமிடையில் நிரந்தரமற்றோர் 85,000 பேர் வேலையிழப்பர் என அமைச்சு டிசெம்பரில் கணக்கிட்டது. டிசெம்பர் 31ஆந் திகதி, யுஅசா மக்கொட்டோவைத் தலைவராகக் கொண்ட குழுவினர், தொழில் அமைச்சுக்கு அண்மையிலுள்ள ஹிபியா பூங்காவிலே கூடாரமிட்டு உணவும் ஆலோசனையும் வழங்கினர். வழமையாக ஒன்றுசேராத மூன்று தொழிற்சங்க மத்திய அமைப்புகளும் உதவின. ஏறத்தாழ 500 பேர் திரள, ஜனவரி 2ஆந் திகதி அமைச்சு தன் மண்டபத்தைத் திறந்துவிட வேண்டியதாயிற்று. சிதறிக் கிடந்த வறுமை ஓரிடத்திலே கூடி, அரசின் வாயிலிலே முகங்காட்டியது. உண்மையில் அக்கூடாரங்களே அக்காகியின் கேள்விக்குக் கிடைத்த முதல் விடையெனலாம்.

7

அவ்விடை முழுமை பெறவில்லை. 2009இல் ஆட்சி மாறியது. எனினும் 2012இல் நிறைவேறிய திருத்தச் சட்டம் நாட்கூலி அனுப்புதலைக் கட்டுப்படுத்தியதேயன்றி, ஆலை உற்பத்திக்கு ஆட்களை அனுப்புவதைத் தடைசெய்யும் பிரிவு அதிலிருந்து நீக்கப்பட்டது. உறைபனிக் காலத் தலைமுறையினர் நடுவயதை எய்தியபின், 2019இலேயே அரசு அவர்களுக்கென விசேட திட்டம் வகுத்தது. அவ்வாண்டு தக்கரசுகா மாநகரம் அத்தலைமுறையினருக்கென மூன்று பதவிகளை அறிவித்தபோது 1,800க்கும் அதிகமானோர் விண்ணப்பித்தனர், நால்வர் தெரிவாயினர்.

இன்று யப்பானிய இளம் பட்டதாரிகள் வேலை பெறுதல் முன்னர்போற் கடினமன்று. இதனைக் கொண்டு நெருக்கடி தீர்ந்ததென முடிவுகட்டுவோர், இம்மாற்றத்தின் காரணத்தை நோக்குதல் வேண்டும். 1971 முதல் 1974 வரை ஆண்டுதோறும் ஏறத்தாழ 20 இலட்சம் குழந்தைகள் பிறந்தனர். அவர்கள் பெற்றோராகும் வயதிலே மூன்றாவது பிறப்புப் பெருக்கம் ஒன்று எதிர்பார்க்கப்பட்டது, அது நிகழவில்லை. அவ்வயதிலேதான் அவர்களுட் பலர் வேலைக்கும் வீட்டுக்கும் அலைந்துகொண்டிருந்தனர். ஐம்பது வயதளவிலும் மணமாகாத ஆண்கள் 1990இல் 5.6 சதவீதத்தினர், 2020இல் 28 சதவீதத்தினர். 2022இலே பிறப்புகள் 8 இலட்சத்துக்குக் கீழே வீழ்ந்தன. இன்றைய இளைஞருக்கு வேலை கிடைப்பது உரிமை வென்றமையாலன்று, இளைஞர் தொகை அருகியமையால் என்பதே பெரும்பாலும் உண்மை. நிரந்தரமற்ற ஊழியரின் பங்கு இன்றும் மூன்றிலொன்றைத் தாண்டியே நிற்கிறது. பங்குச் சுட்டெண் தன் 1989ஆம் ஆண்டு உச்சத்தை 2024 பெப்ரவரியிலே மீண்டும் எட்டியது. மூலதனம் முப்பத்துநான்கு ஆண்டுகளில் இழந்ததை மீட்டுக்கொண்டது. ஒரு தலைமுறையின் இளமைக்கு அத்தகைய மீட்சி இல்லை.

அருகிய இளைஞரின் இடத்தை நிரப்ப யப்பான் இப்போது ஆசியாவின் ஏனைய நாடுகளை நோக்குகின்றது. 1993இலே தொடங்கிய தொழிற்பயிற்சித் திட்டத்தின் கீழ் வந்தோர், தாம் சேர்ந்த தொழிலிடத்தை விட்டு விலகும் உரிமையின்றி உழைத்தனர். அத்திட்டத்தை மாற்றியமைக்கும் சட்டம் 2024இலேயே நிறைவேறியது. திறன்சார் தொழிலாளரை அனுப்புவது தொடர்பாக இலங்கையும் 2019இல் யப்பானுடன் ஒப்பமிட்டுள்ளது. எமது இளைஞர் அந்நாட்டை நம்பிக்கையின் நாடாக நோக்கி மொழிவகுப்புகளை நாடுகின்றனர். அவர்களின் நாட்டத்தை நாம் குறைகூறவில்லை. இங்குள்ள நிலை அவர்களை வேறெங்கும் நோக்க விடவில்லை. ஆனால் அவர்கள் செல்லும் ஆலைகளிலே தமக்கு முன்னர் யார் நின்றனர், எதனால் அகன்றனர் என்பதை அவர்கள் அறிந்து செல்லுதல் வேண்டும். தொழிலாளரின் உரிமை ஒரு நிறுவனத்தின் சுவருக்குள் மாத்திரம் வெல்லப்படும்போது, சுவருக்கு வெளியே நிற்போரே அதன் விலையைச் செலுத்துவர். யப்பானிய இளைஞரின் முப்பதாண்டு அனுபவம் உலகத் தொழிலாளருக்கு விட்டுச்சென்ற பாடம் அதுவேயாகும்.